இன்ஸ்டால் குறிப்பைத் திருத்தி எழுதுறேன், 4ஆம் பக்கத்துலேர்ந்து

போன வருஷம் மே லீவுல சித்தி பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா, காலேஜ் முதல் வருஷம் முடிச்சிருந்தா, கைல அவங்கப்பா ஓரங்கட்டி வச்ச பழைய லேப்டாப். "அண்ணே, இதுல டெபியன் போட்டுத் தாங்களேன்"னு கேட்டா. டெபியன்ங்கிறது விண்டோஸ் மாதிரி ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம், லினக்ஸ் வகை. நான் போட்டுத் தரல. 2021ல டெபியன் 11 வந்தப்ப நானே தமிழ்ல எழுதி வச்ச இன்ஸ்டால் குறிப்பு ஒண்ணு இருக்கு, 11 பக்கம், 12 வந்தப்ப லேசா மாத்தி வச்சது, அத பிரிண்ட் எடுத்துக் குடுத்து "நீயே போடும்மா, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், ஆனா வாயத் திறக்க மாட்டேன்"னு சொல்லிட்டேன். என் கைல ஒரு நோட்டும் பேனாவும் மட்டும். அவ எங்கெல்லாம் நின்னு யோசிக்கிறாளோ அந்த இடத்த குறிச்சுக்கணும், அவ்ளோதான் என் வேலை.

முதல் பக்கத்துலயே வாயத் திறக்க வேண்டியதாப் போச்சு. ஐஎஸ்ஓ ஃபைல, அதாவது மொத்த இன்ஸ்டாலரும் ஒரே ஃபைலா இருக்கறத, பென்டிரைவ்ல எழுதுற கமாண்டுல உதாரணத்துக்குன்னு எஸ்டிபின்னு டிஸ்க் பேரு போட்டிருந்தேன், அவ அத அப்படியே டைப் பண்ணிட்டா, என் மெஷின்ல எஸ்டிபிங்கிறது நான் பேக்கப் எடுத்து வைக்கிற ஹார்டு டிஸ்க்! என்டர் தட்டுறதுக்குள்ள கையப் பிடிச்சுட்டேன். டெபியனோட அதிகாரப்பூர்வ கையேட்டுல இந்த இடத்துல எஸ்டிஎக்ஸ்னு இருக்கும், அந்த எக்ஸ் இடத்துல உங்க எழுத்த போடுங்கன்னு. அது எவ்ளோ நல்ல ஏற்பாடுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது, யாராவது அப்படியே காப்பி பண்ணி ஒட்டினாலும் எந்த டிஸ்க்கும் அழியாது. இப்ப என் குறிப்புல மொதல்ல டிஸ்க் லிஸ்ட் பாக்குற கமாண்டு, அப்புறம் பென்டிரைவ் சைஸ வச்சு எது உங்களோடதுன்னு கண்டுபிடிக்கிறது, அதுக்கப்புறம்தான் எழுதுற கமாண்டு வருது. பேருக்குப் பின்னாடி பார்ட்டிஷன் (டிஸ்க்கப் பிரிச்ச ஒரு பகுதி) நம்பர் போடக்கூடாது, மொத்த டிரைவுக்கும்தான் எழுதணும்ங்கிறதையும் சேத்துட்டேன்.

அடுத்தது வார்த்தை. நான் ஆசையா "வட்டுப் பிரிப்பு", "பயனர் கணக்கு", "கடவுச்சொல்"னு எழுதி வச்சிருந்தேன். அவ இன்ஸ்டாலர்ல இங்கிலீஷ் செலக்ட் பண்ணிட்டா, ஸ்கிரீன்ல கைடட் பார்ட்டிஷனிங்னு வருது, பேப்பர்ல வட்டுப் பிரிப்புன்னு இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் பேப்பரையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பாக்குறா. டெபியன் கிராபிக்கல் இன்ஸ்டாலர்ல தமிழும் ஒரு மொழியா இருக்கு, யாரோ உக்காந்து ஒவ்வொரு வரியா மொழிபெயர்த்து வச்சிருக்காங்க, அத செலக்ட் பண்ணியிருந்தாலும் அங்க இருக்குற சொல் வேற, நான் போட்ட சொல் வேற. எனக்குத் தமிழ்ச் சொல்லுங்க மேல ரொம்பப் பிரியம் உண்டு, அத விட்டுடுங்கன்னு சொல்ல வரல. ஆனா இன்ஸ்டால் பண்ற ஆளுக்கு முன்னாடி இருக்கறது ஸ்கிரீன், அதுல என்ன எழுத்து தெரியுதோ அதே எழுத்துதான் குறிப்புலயும் இருக்கணும். அதனால முதல் பக்கத்துலயே எந்த மொழிய செலக்ட் பண்ணணும்னு சொல்லிட்டு, ஸ்கிரீன்ல வர்ற தலைப்ப அச்சு மாறாம எழுதி, விளக்கத்த மட்டும் தமிழ்ல சொல்றேன்.

இனிமேதான் பெரிய விஷயம். 4ஆம் பக்கம். "ரூட் கடவுச்சொல் கொடுக்கவும்"னு ஒரே வரி எழுதியிருந்தேன். ரூட்ங்கிறது சிஸ்டத்துல எதையும் மாத்த அதிகாரம் உள்ள அக்கவுண்ட். அவ குடுத்தா, யாரா இருந்தாலும் குடுப்பாங்க. இன்ஸ்டால் நல்லபடியா முடிஞ்சது, டெஸ்க்டாப் வந்தது, சந்தோஷம். 9ஆம் பக்கத்துல சூடோ (சாதாரண யூசர் ரூட் அதிகாரத்தோட கமாண்டு ஓட்டுற வழி) போட்டு அப்டேட் பண்ணுங்கன்னு இருக்கு, போட்டா, நீ சூடோயர்ஸ் ஃபைல்லயே, அதாவது சூடோ யாருக்கெல்லாம் உண்டுங்கிற பட்டியல்லயே, இல்லன்னு வருது. ஏன்னா டெபியன்ல ரூட் பாஸ்வேர்டு குடுத்துட்டா முதல் யூசருக்கு சூடோ கிடைக்காது, அந்தக் கட்டத்த காலியா விட்டாத்தான் ரூட் அக்கவுண்ட மூடி வச்சுட்டு சூடோவ முதல் யூசருக்குக் குடுக்கும். இன்ஸ்டாலர் ஸ்கிரீன்லயே இது தெளிவா எழுதியிருக்கு, என் குறிப்ப நம்பி ஸ்கிரீன்ல இருக்கறத அவ படிக்கல, அது என் தப்பு. அப்புறம் அவ ஃபோன்ல தேடினா, ஏதோ பழைய பக்கத்துல சு அடிச்சு ரூட் ஆகிட்டு உங்கள சூடோ குரூப்ல சேத்துக்கோங்கன்னு இருந்தது, அடிச்சா, குரூப்ல சேக்குற அந்தக் கமாண்டே இல்லன்னு சொல்லுது. 2019ல வந்த டெபியன் 10லேர்ந்து வெறும் சு அடிச்சா ரூட்டோட பாத் (கமாண்டுகளத் தேடுற ஃபோல்டர் பட்டியல்) வராது, அதனால எஸ்பின்ங்கிற ஃபோல்டர்ல இருக்குற நிர்வாகக் கமாண்டெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, சு போட்டு ஒரு இடம் விட்டு ஒரு சின்னக் கோடு போடணும். அந்த ஒரு கோட்டுக்காக முக்கால் மணி நேரம். கோடு போட்டு குரூப்ல சேத்தப்புறமும் வேலை செய்யல, லாக் அவுட் பண்ணிட்டு வந்தாத்தான் குரூப் மாறுனது தெரியும்.

அவ முகத்தப் பாத்தப்ப எனக்கு மனசு கேக்கல. "எனக்குத்தான் வரலைபோலண்ணே"ன்னா. இல்லம்மா, உனக்கு எல்லாம் வந்தது, 4ஆம் பக்கத்துல நான் சொல்லாம விட்டது 9ஆம் பக்கத்துல வந்து நிக்குதுன்னு சொன்னேன். இப்ப 4ஆம் பக்கத்துல ரெண்டு கட்டத்தையும் காலியா விட்டு கன்டினியூ குடுங்க, பாஸ்வேர்டு குடுத்தா என்ன ஆகும், குடுக்காட்டி என்ன ஆகும்னு நாலு வரி இருக்கு. ஏற்கனவே பாஸ்வேர்டு குடுத்துட்டவங்களுக்கு 9ஆம் பக்கத்துல ஒரு பத்தி, அதோட தலைப்பே அந்த எர்ரர் மெசேஜ்தான், ஒரு எழுத்து மாத்தாம. மாட்டிக்கிட்டவங்க "பயனர் உரிமை மேலாண்மை"ன்னா தேடுவாங்க? ஸ்கிரீன்ல என்ன வந்துச்சோ அதத்தான் தேடுவாங்க.

வைஃபை ஃபர்ம்வேர் (வைஃபை சிப் வேலை செய்யத் தேவையான சின்ன மென்பொருள்) பத்தி 2 பக்கம் எழுதியிருந்தேன், அத அப்படியே தூக்கிட்டேன். டெபியன் 11 வரைக்கும் ஃப்ரீ இல்லாத (காசு விஷயம் இல்ல, மாத்தவும் பகிரவும் சுதந்திரம் இல்லாத) ஃபர்ம்வேர் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓல கிடையாது, தனியா பென்டிரைவ்ல வைக்கணும், இல்லாட்டி வேற இமேஜ் தேடணும். 2022ல டெபியன் டெவலப்பர்கள் ஓட்டெடுப்பு நடத்தி இதச் சேக்கலாம்னு முடிவு பண்ணாங்க, 2023 ஜூன்ல வந்த 12லேர்ந்து அதுலயே இருக்கு. நான் 12க்கு மாத்தினப்ப வெர்ஷன் நம்பர மட்டும் மாத்திட்டு இந்த 2 பக்கத்த அப்படியே விட்டுட்டேன், அவ தேவையே இல்லாத ஒரு ஃபைல அரை மணி நேரம் தேடினா.

அதிகாரப்பூர்வ கையேட்டுக்கும் திருத்தம் அனுப்பணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். அதோட மூலம் டாக்புக் எக்ஸ்எம்எல்ங்கிற, கையேடு எழுதுறதுக்கான ஃபைல் வடிவத்துல இருக்கு, ஒரே மூலத்துலேர்ந்துதான் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் (பிராசசர் வகைக்கும்) தனித்தனி கையேடு உருவாகுது, அதனால ஏஎம்டி 64க்குன்னு நீங்க சேக்குற வரி ஏஆர்எம் கையேட்டுல போய் உக்காந்துடாம கண்டிஷன் போடணும். பல மொழிபெயர்ப்பு பிஓ ஃபைல்ல (இங்கிலீஷ் பத்தியும் அதோட மொழிபெயர்ப்பும் ஜோடியா இருக்குற ஃபைல்) நடக்குது, இங்கிலீஷ் பத்தியில ஒரு கமா மாத்தினாலும் அந்தப் பத்தியோட மொழிபெயர்ப்பு ஃபஸின்னு, அதாவது திரும்பச் சரிபாக்கணும்னு, ஆகி, யாராவது திரும்பப் பாத்து சரி பண்ற வரைக்கும் அந்த இடத்துல இங்கிலீஷே வந்துடும். எங்கயோ ஒருத்தர் ராத்திரி உக்காந்து செஞ்ச வேலை அது. கமா, ஸ்பேஸ் மாதிரி சின்னத் திருத்தத்த எல்லாம் சேத்து வச்சு, அர்த்தம் மாறுற திருத்தத்தோட ஒண்ணா அனுப்புங்க. இன்ஸ்டாலேஷன் கைடுங்கிற பேக்கேஜ் பேருல பக் ரிப்போர்ட் போட்டா போதும், எக்ஸ்எம்எல் தெரியணும்னு கட்டாயம் இல்ல, எந்த ஸ்கிரீன்ல எந்த வரி புரியாம நின்னீங்கன்னு சொன்னாலே அவங்களுக்குப் பெரிய உதவி.

இப்ப டெபியன் 13க்கு என் குறிப்ப முதல்லேர்ந்து எழுதிட்டிருக்கேன். 2025 ஆகஸ்ட்ல வந்த இந்த வெர்ஷன்லேர்ந்து 32 பிட் பிராசசர் உள்ள பழைய பிசிக்கு இன்ஸ்டாலர் கிடையாது. ஊர்ல அலமாரிக்குள்ள கிடக்குற பழைய லேப்டாப் பல இந்த வகைதான், டவுன்லோட் முடிச்சு பென்டிரைவ்ல எழுதினப்புறம் இது தெரியவந்தா எவ்ளோ வருத்தமா இருக்கும். அதனால உங்க பிராசசர் 64 பிட்டான்னு பாக்குறது எப்படிங்கிறதுதான் இப்ப முதல் வரி, டவுன்லோட் லிங்க்குக்கும் மேல. பொங்கல் லீவுக்கு ஃபிரண்டையும் அவ லேப்டாப்பையும் கூட்டிட்டு வரேன்னு தங்கச்சி சொல்லியிருக்கா, நோட்டுல பக்கம் ஒதுக்கி வச்சாச்சு.