எக்ஸ் டரட் (சுழலும் பீரங்கிக் கூண்டு) இல்லாத ஐஎன்எஸ் டெல்லி: 1:350 மாடல், இதுவரை

கப்பலின் உடல் முடிந்து முதல் பூச்சு பிரைமரும் அடித்தாயிற்று. மேல்தளக் கட்டுமானங்களும் பாதிக்கு மேல் ஏறிவிட்டன. இந்த வேலை எதற்காக, எப்படிப் போகிறது என்று எழுத இதுவே சரியான நேரம்.

இந்தியக் கடற்படையின் பழைய போர்க்கப்பலான ஐஎன்எஸ் டெல்லி பிறந்தது எச்எம்எஸ் அகிலிஸ் என்ற பிரிட்டிஷ் பெயரில். இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டில் கேமல் லேர்ட் தளத்தில் கட்டி 1932-இல் நீரில் இறக்கினார்கள். லியாண்டர் வகை இலகு குரூசர், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். 1936 முதல் நியூசிலாந்துக்காரர்களோடு ஓடியது. 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே, ஏஜாக்ஸ், எக்ஸிடர் கப்பல்களுடன் சேர்ந்து ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே போர்க்கப்பலை எதிர்த்தது. நான்கு நாள் கழித்து கிராஃப் ஸ்பே மாண்டிவிடியோவுக்கு வெளியே தன்னைத்தானே அழித்துக்கொண்டது. மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளின் அகிலிஸையே செய்கிறார்கள். ஆனால் இந்தக் கப்பல் டெல்லி என்ற பெயரில் உழைத்ததுதான் அதிக காலம்: 1948 முதல் 1978 வரை முப்பது ஆண்டுகள். அந்தக் கோலத்தில் அதைச் செய்ய வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

நிஜக் கப்பல் சுமார் 169 மீட்டர். 1:350-இல் 48 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். நீர்மட்டத்துக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் செய்கிறேன். 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் அடித்தட்டும் குறுக்குச் சட்டங்களும் வெட்டி, மேலே 0.5 மி.மீ. பட்டைகளை ஒட்டி, பட்டி பூசி, ஈர உப்புத்தாளால் தேய்த்தேன். அணியத்தின் (கப்பலின் முன்முனை) வளைவு அமைவதற்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. அங்கே பட்டைகளைக் குறுக்கி, வெந்நீரில் காட்டி வளைத்தால் நன்றாகப் படிகிறது.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெர்த், சிட்னி, ஹோபார்ட் ஆகியவையும் லியாண்டர் குடும்பம்தான். ஆனால் அவற்றின் கொதிகலன் அறைகள் வேறு விதமாக அமைந்ததால் இரண்டு புகைபோக்கிகள் இருக்கும். அகிலிஸுக்கு ஒன்றுதான். எல்லாக் கொதிகலன்களின் புகையும் அந்த ஒரே அகலமான, பக்கம் தட்டையான புகைபோக்கிக்குள் வந்து சேரும். கப்பலின் முகவெட்டே அதுதான். தேக்குக் கட்டை ஒன்றைச் செதுக்கி, அதைச் சுற்றி மெல்லிய ஷீட்டை இரண்டு அடுக்காக ஒட்டி எடுத்தேன். ஓரங்கள் கூர்மையாக வந்திருக்கின்றன, திருப்தி.

அப்புறம் பீரங்கிகள். அகிலிஸில் 6 அங்குலப் பீரங்கிகள் மொத்தம் எட்டு, இரட்டை இரட்டையாக நான்கு டரட்டுகளில். முன்னால் ஏ, பி. பின்னால் எக்ஸ், ஒய். குழல்களுக்கு 23 கேஜ் இன்ஜெக்‌ஷன் ஊசியை வெட்டிப் பயன்படுத்தினேன். வெளிவிட்டம் 0.64 மி.மீ., குழல்வாய் அளவுக்குப் பொருந்துகிறது. டிரில் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, அரத்தை லேசாக வைத்தால் நுனி நோக்கிக் கொஞ்சம் ஒடுங்கும்.

டெல்லிக்கு ஆறு குழல்கள் போதும், எக்ஸ் டரட் கிடையாது. 1943 ஜனவரி 5 அன்று, சாலமன் தீவுகளுக்கு அருகே ஜப்பானிய விமானம் போட்ட குண்டு அந்த டரட்டின் மேல் விழுந்தது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். பழுது பார்க்க இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கொண்டுபோன இடத்திலும் அந்த ஜூன் மாதம் வெடிவிபத்து நடந்து பதினான்கு உயிர்கள் போயின. 1944-இல் வெளியே வந்தபோது எக்ஸ் இருந்த இடத்தில் நான்கு குழல் பாம்-பாம் விமான எதிர்ப்புத் துப்பாக்கி நின்றது. விமானமே பெரிய ஆபத்து என்று ஆகிவிட்ட காலம், எடையையும் இடத்தையும் அதற்கு ஒதுக்கினார்கள். அந்த டரட் பிறகு திரும்பி வரவே இல்லை. பம்பாய்க்கு வந்தது, இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் 1953 எலிசபெத் முடிசூட்டு விழாக் கடற்படை அணிவகுப்புக்குப் போனது, 1961-இல் போர்ச்சுகீசியர் வசமிருந்த டையூவில் சுட்டது, எல்லாமே மூன்று டரட்டுகளோடுதான். பின்தளத்தின் அந்த உயர்ந்த மேடையில் ஸ்டைரீன் வட்டத்தை ஒட்டும்போது அங்கே நின்றிருந்த ஆட்களின் நினைப்பு வராமல் இல்லை. இந்த மாடலில் நான் அதிக நேரம் செலவிட்டதும் அங்கேதான். பாம்-பாமின் நான்கு குழல்களுக்கு 30 கேஜ் ஊசி, சுற்றுக் கைப்பிடிக்குச் செம்புக் கம்பி.

கொடிமரங்களும் மாறுகின்றன. 1939-இல் ஒற்றைத் தண்டு, பிறகு முக்காலி. பித்தளைக் கம்பிகளை அட்டையில் வரைந்த கோணத்தில் குண்டூசியால் நிறுத்திச் சால்டர் வைத்தேன். சூப்பர் க்ளூவை நம்பினால் பின்னால் கயிறு இழுக்கும்போது கழன்றுவிடும்.

எந்த ஆண்டின் கோலம் என்பதில் நிறைய யோசித்து 1950 என்று முடிவு செய்தேன். 1948 ஜூலை 5 அன்று இந்தியா எடுத்துக்கொண்டபோது பெயர் எச்எம்ஐஎஸ் (மன்னரின் இந்தியக் கப்பல்) டெல்லி. குடியரசானபின் ஐஎன்எஸ். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை அப்படியே இருக்க, மூலையில் பிரிட்டனின் யூனியன் ஜாக் போய் மூவர்ணம் வந்த கடற்படைக் கொடி அந்த ஆண்டிலிருந்துதான். அதே ஜூனில் நேரு இந்தக் கப்பலில்தான் இந்தோனேசியாவுக்குப் போனார். அப்போது இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி எட்வர்ட் பாரி. பிளேட் நதிச் சண்டையில் அகிலிஸின் கேப்டனாக நின்று காயம்பட்டவர் அவர்தான்! கப்பலை எடுத்துவந்தபோது துணைத் தலைமை அதிகாரியாக இருந்த ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர். 1958-இல் கடற்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனார். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1956-இல் வந்த பிளேட் நதிச் சண்டைப் படத்தில் டெல்லியே அகிலிஸாக நடித்தது. வண்ணப்படம் என்பதால் கப்பலின் நிறத்துக்கும் தளத்தின் அமைப்புக்கும் அது எனக்கு நல்ல உதவி.

இனி மீதி: சிறு படகுகள், கைப்பிடிக் கம்பிகள், கயிறுகள், பிறகு வெளிர் சாம்பல் பெயிண்ட். ஒய் டரட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கப்பலை உடைத்தபோது இந்தியா அதை நியூசிலாந்துக்குப் பரிசாகக் கொடுத்தது. இன்றும் ஆக்லாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் நிற்கிறது. அங்கே இருக்கும் தமிழர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், டரட்டின் பின்பக்கக் கதவையும் மேல்கூரை ஆணி வரிசைகளையும் படம் எடுத்து அனுப்புங்கள். கிடைக்கும் படங்கள் எல்லாம் முன்பக்கம் மட்டுமே காட்டுகின்றன.