ஓரியூர் செம்மண்ணில் ஒரு புதன்கிழமை

என் வீட்டுக்காரர் பிழைத்து வந்தால் ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு நடந்து வருகிறோம், கிடா வெட்டி எல்லாருக்கும் அசனச் சாப்பாடு போடுகிறோம் என்று அம்மா நேர்ந்துகொண்டது ஐசியூ வாசலில். அவர் பிழைத்தார். மூன்றாம் மாதமே வேலைக்கும் போனார். நேர்ச்சை மட்டும் அது இது என்று இரண்டு வருஷம் தள்ளிப்போய்விட்டது.

அவருடைய இதய அடைப்பு சரியானது, என்னைப் பிடித்த பயம் விடவில்லை. போன் மணி அடித்தால் நெஞ்சு எகிறும். அவர் வர பத்து நிமிஷம் பிந்தினால் கை சில்லிட்டுப்போகும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, மூச்சு ஓடுகிறதா என்று அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். டாக்டர் இது பதற்ற நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகப் போடுகிறேன், கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. ஆனால் பூசையில் "நாளைக்காகக் கவலைப்படாதீர்கள்" என்ற வாசகம் வரும்போதெல்லாம் தலை குனிந்துகொள்வேன். விசுவாசம் உள்ளவள் இப்படியா பயப்படுவாள் என்று ஒரு செபக்கூட்டத்தில் என் முகத்துக்கு நேராகவே ஒருவர் கேட்டிருக்கிறார். பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் அரித்தது.

"நேர்ச்சை கடனாக் கெடக்கு, அதான் ஒனக்கு இப்படி" என்பார் அம்மா. அதை நான் அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். போர்த்துகலிலிருந்து வந்து ஓரியூரில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த நம் புனித அருளானந்தர் கடன்காரனைப்போல வாசலில் வந்து நிற்கிறவர் இல்லை. ஆனாலும் தவக்காலம் முடிந்து, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்பிவிட்டோம். புதன்கிழமை விடியக் கோவிலில் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4, அருளானந்தர் தலை வெட்டப்பட்ட நாள், ஒரு புதன்கிழமை. அதுவும் சாம்பல் புதன்.

கிடாவையும் பாத்திர பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் வேனில் முன்னால் போய்விட்டார். நானும் அம்மாவும் சித்தியும் திருவாடானையிலிருந்து ராத்திரி நடக்கத் தொடங்கினோம். மே மாத வெக்கை இருட்டிலும் தணியவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். எதிரே வருகிற லாரி வெளிச்சத்தில் கண் கூசி, ஒவ்வொரு தடவையும் ஓரத்து முள்ளில் கால் வைத்தோம். பாதி வழியில் என் போன் அடித்தது. அவர்தான், எங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்க. கேட்டுவிட்டு வைத்தும்விட்டார். எனக்கோ நெஞ்சு அடிக்கிற அடியில் கால் ஓடவில்லை. மூச்சு முட்டியது. ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னத்தா, படபடன்னு வருதா?" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வயசு. அவர் காலிலேயே இரண்டு கொப்புளம். சேசுவே, சேசுவே என்று என் முதுகைத் தடவிக்கொண்டே செபமாலையை எடுத்தார். நான் பதில் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. ஐந்து பத்து மணியும் அம்மாவும் சித்தியுமே சொல்லி முடித்தார்கள். அதன்பிறகுதான் எழுந்தேன்.

விடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தால் கோவில் வாசலில் வேன் மேல் வேன். மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. அடுப்பு வைக்க இடம் பிடித்துத் தருகிறேன் என்று இரண்டு பேர் எங்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். மொட்டை போடும்போது பேசியது ஒரு தொகை, போட்டு முடித்ததும் கேட்டது வேறொன்று. நேர்ச்சைக்கு வருகிற ஏழைகளிடம் இப்படிப் பிடுங்குவது நெஞ்சு பொறுக்கவில்லை. செம்மண் இருக்கிற இடத்திலும் நிம்மதியாக முட்டி போட முடியாமல் செல்போனைத் தூக்கிக்கொண்டு தள்ளுகிறார்கள். நமக்காக இரத்தம் சிந்தியவரின் மண் அது. கொஞ்சம் அடங்கி நிற்கக்கூடாதா?

எப்படியோ ஒரு ஓரத்தில் முட்டி போட்டேன். மண்ணுக்குள் கையை விட்டேன். மேலே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, உள்ளே மண் குளிர்ந்து கிடந்தது. என்ன கேட்பது என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்த ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்தது அருளானந்தரின் கடைசி ராத்திரி. நாளைக்குச் சாவு என்று தெரிந்த ராத்திரி. கரியைத் தண்ணீரில் கரைத்துத் தன் சேசுசபைச் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினாரே, அந்த ராத்திரி. சாவுக்காகக் காத்திருக்கிறேன், இதைத்தான் எப்போதும் வேண்டிக்கொண்டேன் என்று எழுதினார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை சாமி, என்றுதான் அழுதேன். லிஸ்பனில் அவர் பையனாக இருந்தபோது சாகக் கிடந்தாராம். அவர் அம்மா புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு ஒரு வருஷம் சேசுசபை அங்கி உடுத்திவிட்டார். அந்த அம்மாவும் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருப்பாள்தானே?

அப்போதுதான் கெத்சமனி நினைவுக்கு வந்தது. ஆண்டவரே மனம் கலங்கினார். முடிந்தால் இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்டார். வியர்வை பெரும் இரத்தத் துளிகளைப்போல நிலத்தில் விழுந்தது. அவருடைய விசுவாசத்தை யார் குறை சொல்வது? பேதுரு முதல் திருமுகத்தில், கவலைகளையெல்லாம் அவரிடம் விட்டுவிடுங்கள் என்ற வரியை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அடுத்த வரி அன்றைக்குத்தான் உறைத்தது: "அவர் உங்கள்மேல் கவலை கொண்டுள்ளார்." அவருக்கும் கவலையாம். என்மேல். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள், எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் நெற்றியில் குங்குமத்தோடு ஒரு அம்மாள் மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். எனக்கும் ஒரு பிடி அள்ளித் தந்தார்.

அசனத்தில் என் வீட்டுக்காரர்தான் பரிமாறினார். ஐசியூவில் வயர்களோடு கிடந்த அதே கைகள், இலை இலையாகச் சோறு வைத்துக்கொண்டு போயின. பெயர் தெரியாத ஜனங்கள் வயிறார உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்தேன். சாப்பிட்டதும் வேப்பமர நிழலில் சற்றே சாய்ந்தேன். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பைக்குள் போன் நாலு தடவை அடித்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. "தூங்கட்டும்னு விட்டுட்டேன்த்தா" என்றார் அம்மா.

இரண்டு வருஷத்தில் பகலில் நான் தூங்கிய முதல் தூக்கம் அது. அவர் மூச்சுக்கு நன்றி, சாமி. அம்மாவின் கொப்புளக் காலுக்கு நன்றி. பாலத்துக் கட்டையில் எனக்காகச் சொன்ன ஐம்பத்துமூன்று மணிக்கும் நன்றி. மாத்திரை இன்னும் போடுகிறேன், ராத்திரி விழிப்பும் இன்னும் தட்டுகிறது. தலைமாட்டில் சின்ன டப்பாவில் செம்மண் இருக்கிறது. விழித்தால் இப்போது முதலில் அதைத்தான் தொடுகிறேன்.