டர்பன் நாட்குறிப்பு: பட்டை, இலந்தைக் கிளை, லீவு லெட்டர்

ஆகஸ்ட் 3, 2024, சனி

வார்விக் சந்திப்புக்குப் போயிருந்தேன். பஸ், ரயில், மினிபஸ் டாக்ஸி எல்லாம் வந்து முட்டிக்கொள்ளும் இடம். காய்கறிச் சந்தை அங்கே 1910-லிருந்து இருக்கிறது, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் அதில் கறிவேப்பிலை விற்கிறார்கள். நான் தேடிப் போனது மூலிகைச் சந்தையை. நெடுஞ்சாலைக்காகக் கட்ட ஆரம்பித்துப் பாதியில் கைவிட்ட மேம்பாலத்தின் மேல் அது நடக்கிறது. தெருவோரம் படுதா விரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை 90-களின் கடைசியில் நகராட்சி மேலே ஏற்றியது.

விற்பவர்களில் பெண்களே அதிகம். ஒரு அம்மா கைக்கோடாலியால் மரப்பட்டையைக் கொத்திக் கொத்திக் கூறு போட்டுக்கொண்டிருந்தார், கையெல்லாம் செம்மண் நிறத்தில் தூசு. பக்கத்தில் இம்பெப்போ கட்டுக் கட்டாகக் கிடந்தது. முன்னோரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கொளுத்துகிற காய்ந்த செடி அது. வாங்க வந்தவர்களில் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியவர்களும் இருந்தார்கள். யாரும் ஒளித்து வாங்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தென்னாப்பிரிக்காவின் மகளிர் தினம், லீவு. எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் சிஸி (இங்கே அக்கா வயதுக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) டீக்கு வந்தார். தலைவலி, தோள்வலி, தூக்கத்தில் செத்துப்போன பாட்டியின் குரல் என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தவர். ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரு சங்கோமா (முன்னோரிடம் கேட்டுக் குறி சொல்லும் மரபு வைத்தியர்) எலும்புகளைப் பாயில் வீசிப் பார்த்து, இது நோயில்லை அழைப்பு, நீயும் சங்கோமா ஆகவேண்டியவள் என்றாராம். இனி ஒரு குருவின் வீட்டில் தங்கிப் பயிற்சி எடுக்கவேண்டும். குருவுக்கு கோபெலா என்று பெயர். முன்னோர் சொன்னதைக்கூட சிஸி நிதானமாக ஏற்றுக்கொண்டார், அவருடைய பயமெல்லாம் மனிதவளத் துறைதான்.

பயப்படுவதற்கு முன்கதை இருக்கிறது. 2007-ல் பிரிட்டோரியா பக்கம் ஒரு ஹோட்டல் சமையல்காரர் இதே பயிற்சிக்காகச் சம்பளமில்லாத விடுப்பு கேட்டார், ஐந்து வாரம். நிர்வாகம் ஒரு வாரம்தான் என்றது. சங்கோமா கொடுத்த கடிதத்தை வைத்துவிட்டு அவர் போனார், வேலை போனது. வழக்கு படிப்படியாக ஏறி 2013-ல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, ஒவ்வொரு படியிலும் அவருக்கே சாதகம். ஒருவர் நம்பிக்கை நியாயமானதா என்று அளப்பது நீதிமன்றத்தின் வேலையில்லை என்பது தீர்ப்பின் சாரம். இதே நாட்டில் 1957-ல் வெள்ளை அரசு போட்ட சூனிய ஒழிப்புச் சட்டப்படி, குறி சொல்லிக் காசு வாங்கினாலே குற்றம்! மரபு மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் வர 2007 ஆனது.

ஆகஸ்ட் 17, சனி

அரசு ஆஸ்பத்திரி வாசலில் டாக்ஸிக்காக நிற்கும்போது பார்த்தது. ஒரு பெரியவர் முள்ளுக் கிளை ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். உம்லாலன்கோசி. நம் இலந்தையின் இனம்தான். வீட்டுக்கு வெளியே செத்தவரின் ஆவி இறந்த இடத்திலேயே அலையும் என்பதால், அந்த இடத்துக்குப் போய் இந்தக் கிளையில் அழைத்துக்கொண்டு வருகிறார்கள். கிளை வைத்திருப்பவர் வேறு யாரோடும் பேசமாட்டார், கிளையோடு மட்டும்தான் பேச்சு: இப்போது ரோட்டைத் தாண்டுகிறோம், இப்போது வண்டியில் ஏறுகிறோம் என்று. கூட வந்த பையன் டிரைவரிடம் மூன்று பேருக்குக் காசு கொடுத்தான். வந்தது இரண்டு பேர். டிரைவர் எதுவும் கேட்காமல் ஒரு சீட்டைக் காலியாக விட்டார். உள்ளே காதில் இயர்ஃபோனோடு இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 24, சனி

இதையெல்லாம் எழுதுவதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன் என்று நினைக்கவேண்டாம். 2000-களில் எச்ஐவி கொன்று குவித்தபோது, சுகாதார அமைச்சராக இருந்த மான்டோ சபலாலா-ம்சிமாங் பூண்டு, பீட்ரூட், ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு (ஒரு மூலிகைக் கிழங்கு) என்று பேசிக்கொண்டிருந்தார், எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்வி மாத்திரை தாமதமானது. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆனால் அது அரசியல்வாதி செய்தது. சங்கோமாக்களில் பலர் இன்று சந்தேகப்பட்டால் முதலில் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வா என்று கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். விளக்குக் கம்பத்தில் "ஓடிப்போன காதலர் திரும்புவார்" என்று போன் நம்பரோடு ஒட்டும் ஆசாமிகள் வேறு ரகம்.

என் கவலை பட்டையில்தான். மரத்தைச் சுற்றி முழுசாக உரித்துவிட்டால் அது பட்டுப்போகும். இசிபாஹா மரம் அப்படித்தான் காட்டில் அருகிப்போனது, காட்டு இஞ்சி இந்த மாகாணத்துக் காடுகளில் இல்லவே இல்லை என்கிறார்கள். சாட்ஸ்வொர்த் பக்கத்தில் சில்வர்கிளென் காப்பகத்தில் நகராட்சி இதற்கென்றே மூலிகை நாற்றங்கால் வைத்திருக்கிறது. நாற்றங்காலில் வளர்த்ததற்குச் சக்தி குறைவு என்று சில வைத்தியர்கள் முகம் சுளிப்பார்களாம். சிஸியிடம் கேட்டேன். "இலையில் வேலை நடக்கும்போது பட்டையை ஏன் உரிக்கணும்? என் கோபெலாகிட்ட கேட்கிறேன்" என்றார்.

அப்புறம், லீவு கிடைத்துவிட்டது. சம்பளமில்லாமல், இரண்டு தவணையாக. முதல் தவணை செப்டம்பரில், அந்த மாதக் கணக்கு முடிக்கும் வேலை என் தலையில்.