வைவாவில் என்னை மடக்கிய லோராசெபம் குப்பி

எம்.டி. பொது மருத்துவ வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த கேஸ்: வலிப்பு அடங்காமல் ஐ.சி.யூ.வில் இருப்பவர், மூன்று நாளாக வலிப்பை அடக்கும் லோராசெபம் இன்ஃப்யூஷன் (சிரை வழியாகத் தொடர்ந்து ஏற்றுவது) ஓடுகிறது, இப்போது இரத்தத்தில் லாக்டேட்டும் (லாக்டிக் அமிலம்), சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறுகின்றன. "செப்சிஸ் சார்" என்றேன், அதாவது கிருமித்தொற்று உடல் முழுவதையும் பாதித்த நிலை. காய்ச்சல் இல்லை, கல்ச்சரில் கிருமி ஒன்றும் வளரவில்லை என்றார் தேர்வாளர். அப்புறம் ஏதேதோ உளறினேன். "அந்தக் குப்பிக்குள்ள லோராசெபம் தவிர வேற என்னம்மா இருக்கு?" விழித்தேன்.

விடை, புரோப்பிலீன் கிளைகால். தண்ணீரில் சரியாகக் கரையாத மருந்தைக் கரைத்து வைக்கும் திரவம். அன்றிரவு விடுதியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மி.லி.யில் மருந்து 2 மி.கி., கிளைகால் சுமார் 830 மி.கி. மணிக்கு 10 மி.கி. ஓடினால் 5 மி.லி.; ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 100 கிராம் கிளைகால். மருந்து கால் கிராம்கூட இல்லை! நாம் ஏற்றுவது எதை என்றே சந்தேகம் வந்துவிட்டது. கல்லீரல் அதில் ஒரு பகுதியை லாக்டேட்டாக மாற்றுகிறது, மீதி சிறுநீரகம் வழியாகப் போகிறது. இரண்டில் ஒன்று பழுதானாலும் தேங்கும். ஆஸ்மோலார் கேப் (இரத்தத்தில் கரைந்திருப்பவற்றின் அளந்த செறிவுக்கும் கணக்கிட்ட செறிவுக்கும் உள்ள வித்தியாசம்) கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஃப்யூஷனை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். நிலைமை மோசமானால் டயாலிசிஸ்.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி பெரும்பாலும் இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிடாயின்தான். அதிலும் 40 சதவீதம் இதே கிளைகால். நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டாதே என்பதற்கு மருந்தோடு இதுவும் காரணம். வேகமாகப் போட்டால் பி.பி. விழும். உடலுக்குள் போய் ஃபெனிடாயினாக மாறும் ஃபாஸ்ஃபெனிடாயினில் கிளைகால் இல்லை.

கரைப்பான்களை அட்டவணையாக மனப்பாடம் செய்யாதீர்கள், எனக்கு அது நிற்கவே இல்லை. வார்டில் மருந்துப் பெட்டியைப் பிரிக்கும்போது உள்ளே மடித்து வைத்த தாளை எடுத்து, 'எக்ஸிபியன்ட்ஸ்' (மருந்தோடு சேர்க்கும் துணைப்பொருள்கள்) என்ற வரியை மட்டும் படியுங்கள். புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செலுக்கு ஏன் முன்கூட்டியே டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு) என்பது அப்படித்தான் எனக்குப் புரிந்தது: ஒவ்வாமையில் பெரும்பங்கு அதன் கரைப்பானான கிரெமோஃபோருக்கு. பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகொனசோல் ஊசியில் மருந்தைக் கரைத்து வைப்பது சைக்ளோடெக்ஸ்ட்ரின். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 50 மி.லி.க்குக் கீழே போனால் அது தேங்குகிறது, அதனால்தான் மாத்திரைக்கு மாறச் சொல்கிறார்கள்.

பென்சைல் ஆல்கஹாலைக் கரைப்பானைவிடப் பதப்படுத்தி என்றே சொல்ல வேண்டும், ஆனாலும் சேர்த்தே கேட்பார்கள். 1982-இல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளிடம் கண்ட 'காஸ்பிங் சின்ட்ரோம்' (மூச்சுக்குத் தவிக்கும் ஆபத்தான நிலை) அதனால் வந்தது. இரத்தநாளத்தில் செருகிய குழாயைக் கழுவ அது கலந்த சலைனைப் பயன்படுத்தியிருந்தார்கள்.