மூக்குக்குள் நுழையாத ரேடியேட்டர்

நான் கட்டும் கிட் காரின் (பாகங்களைச் சேர்த்து நாமே பூட்டும் கார்) நோஸுக்குள், அதாவது முன்மூக்குக்குள், இருக்கும் உயரம் 310 மில்லிமீட்டர். கையில் இருந்த ரேடியேட்டரோ 420. பழைய காரிலிருந்து இன்ஜினோடு சேர்த்துக் கழற்றியது, மேலும் கீழும் டேங்க் வைத்து முழுக்கச் செம்பும் பித்தளையுமாகச் செய்த அந்தக்கால வகை. கிட் காருக்கு மூக்கு தாழ்ந்திருப்பதுதான் அழகு, அந்த அழகால் அடி வாங்குவது ரேடியேட்டர்.

முதலில் 45 டிகிரி சாய்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 420-ஐ 0.707-ஆல் பெருக்கினால் 297, அட உட்காருகிறதே என்று பிராக்கெட்டுக்கு இரும்புகூட வெட்டிவிட்டேன். டேங்கின் தடிமன் 55 என்பது மறந்தே போச்சு. சாய்க்கும்போது அதுவும் உயரத்தில் ஏறும், சுமார் 39. ஆக 336. அட்டைப்பெட்டியில் அதே அளவுக்கு ஒரு டம்மி வெட்டி வைத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் அதைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டேன். அகலம் 300, இப்போது அதுவே உயரம். மேலிருந்து கீழே இறங்கிய தண்ணீர் இனி இடமிருந்து வலமாக ஓடும், தண்ணீர் ஓடிக் குளிரும் நடுப்பகுதியான கோருக்கு அதனால் ஒன்றுமில்லை. தொல்லை குழாய் வாய்களில்தான். சூடான தண்ணீர் ஒரு பக்கம் மேலே நுழைந்து எதிர்ப்பக்கம் கீழே வெளியேற வேண்டும் என்பதால் பழைய வாய்கள் இரண்டையும், பிரஷர் மூடி மாட்டியிருந்த கழுத்தையும் எடுத்துவிட்டு, ஓட்டைகளைப் பித்தளைத் தகட்டால் அடைத்து, புது இடங்களில் வாய் வைத்து ஈயப்பற்று வைத்தேன். இப்போது வரும் ரேடியேட்டர்களில் அலுமினியக் கோரோடு பிளாஸ்டிக் டேங்கை மடித்துக் கவ்வ வைத்திருப்பார்கள், அதில் இந்த வித்தை நடக்காது; பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு அலுமினியத்தில் டேங்க் செய்து டிக் வெல்டிங் (மின்சார வெல்டிங்கில் ஒரு வகை) வைக்க வேண்டும்.

ஈயத்தில் சிக்கல் என்னவென்றால், இங்கே டார்ச் காட்டினால் பக்கத்து மூட்டு உருகும். ஈரத்துணி சுற்றித்தான் செய்தேன். வாய்களை அடைத்து, 1 பார் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் நான் வைத்த பற்றில் ஒரு குமிழி இல்லை, நான் தொடாத பழைய மூட்டில் கொத்துக் கொத்தாக வருகிறது! அதையும் சரிசெய்தேன்.

ரப்பர் புஷ் போட்டு மாட்டி, இன்ஜினை ஓடவிட்டால் சூடு காட்டும் மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போனது. கையால் தொட்டுப் பார்த்தேன், கோரின் கீழ்ப்பகுதி கொதிக்கிறது, மேல் மூன்றில் ஒரு பங்கு ஜில்லென்று இருக்கிறது. காற்று மாட்டியிருக்கிறது. படுக்கப்போட்டதும் காற்று ஏறி நிற்கும் உச்சி டேங்குகளின் மேல்மூலைக்கு மாறிவிட்டது, அங்கே அது வெளியேற வழியே வைக்கவில்லை. மேல்மூலையில் சின்னக் குழாய் ஒன்று பற்றவைத்து, இன்ஜினைவிட உயரத்தில் மாட்டிய ஹெடர் டேங்குக்கு (காற்று வந்து சேரும் சின்னத் தொட்டி) மெல்லிய ஹோஸ் இழுத்தேன். பிரஷர் மூடியும் இப்போது அந்த டேங்கில்தான்.

நின்ற இடத்தில் இப்போது முள் அசையவில்லை. ஆனால் வேகமாக ஓட்டினால் ஏறியது. நிற்கும்போது சூடானால் ஃபேனைச் சந்தேகிக்கலாம், ஓடும்போது ஏறினால்? இந்தத் தடவை காற்று உள்ளே மாட்டவில்லை, வெளியே தப்பித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்கும் நோஸுக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி, கோரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்குள் நுழையச் சிரமப்படும் காற்று சுலபமான அந்த வழியில் போய்விடுகிறது. அலுமினியத் தகடும் ஃபோம் பட்டையும் வைத்து நான்கு பக்கமும் அடைத்த அன்றைக்கே முள் 90 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது. கோரில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டவில்லை.

அகலம் 420 ஆனதில் ஹாரன் இருந்த இடம் போய்விட்டது. அதற்கு இடம் தேடி இப்போது அட்டைப்பெட்டி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.