வாகனங்கள் திருத்துமிடம்

"காரைத் திருத்த வேண்டும், தம்பி" என்றேன்.

பட்டறை வாசலில் பழைய டயரின் மேல் அமர்ந்திருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். "திருத்துவதற்கு அதென்ன பரீட்சைத் தாளா, அண்ணாச்சி?" உள்ளே வேலையாக இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். ஆனாலும் திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை வரை நடந்தே வந்தேன். பஸ் ஏற மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் கராஜ் வாசல்களில் 'வாகனங்கள் திருத்துமிடம்' என்றுதான் எழுதியிருக்கும். மணிக்கூடு, வானொலி, வேலி, கூரை எல்லாவற்றையும் நாங்கள் திருத்துவோம். இங்கே ரிப்பேர் பார்க்கிறார்கள். மனைவியின் ஊருக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விசாவுக்காக வரிசையில் நின்ற நாட்களில்கூட, நான் வேறு நாட்டுக்காரன் என்பது இவ்வளவு உறைத்ததில்லை.

திருத்த நினைத்த கார், மாமனார் வீட்டின் பின்கட்டில் ஓலைக் கொட்டகைக்குள் கிடந்தது. அவருடைய தந்தை வாங்கியது. இங்குள்ளவர்கள் அதை 'பேபி இந்துஸ்தான்' என்கிறார்கள். ஓலையை விலக்கியபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அது என் அப்பாவின் மொறிஸ் மைனர். அதே உருண்டை முகம், நடுவில் பிரிந்த முன் கண்ணாடி. வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் தொடக்கத்தில் அந்தப் பெயரில் வந்த வண்டி, 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மைனரேதான். பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையை விரலால் தடவிப் பார்த்தேன். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் தன் மாதிரி வண்டி ஒடுக்கமாக இருப்பதாக நினைத்து, அதை நெடுக்காக இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார் என்றும், இந்தப் பட்டை அதன் தழும்பு என்றும் அப்பா எனக்குச் சொன்னது ஏழு வயதில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞனே வீடு தேடி வந்தான். உடன் அவனுடைய மாமா. மேலப்பாளையத்தில் லேத் வைத்திருப்பவர். "வண்டியைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார். பார்த்தவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பத்தமடைப் பாயை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். அந்த ஒரு செயலில் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது. பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் என்று வந்தார்கள். தென்காசியிலிருந்து அம்பாசடர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற மின் ஊழியர் ஒருவர், நாகர்கோவிலிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் ஒருவர். யாரும் கூலி கேட்கவில்லை. மனைவி வைத்த சொதியும் இஞ்சித் துவையலும் போதும் என்றார்கள். எங்கள் ஊரிலும் சொதி உண்டு. தினமும் இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்வோம். இங்கே அது கல்யாண வீட்டு விருந்து. எங்களுக்காக அது ஞாயிறுதோறும் கொதித்தது.

முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற மூட்டுதான் மைனரின் உயிர்நிலை. அதற்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிச் சாய்ந்துவிடும். எங்கள் வண்டியில் மரையே இல்லை, வழவழவென்றிருந்தது. லேத்காரர் வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதை நான் கடைந்துவிடுவேன். ஆனால் உங்கள் உயிரை இதில் ஏற்ற மாட்டேன்" என்றார். தன் கை எதுவரை என்று அறிந்த தொழிலாளியின் பேச்சு அது. இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், வரவழைத்தோம். இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு என்பதால், பொட்டலத்தைப் பிரித்ததும் குங்குமமும் திருநீறும் வைத்து அடையாளம் செய்தார்.

பேட்டரி மாட்டிய அன்று தென்காசிக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேரும்; நான் இன்றைய வழக்கப்படி நெகட்டிவைக் கொண்டுபோயிருந்தேன். வயர் வேலை முழுவதையும் அவரே ஏற்றார். வேலைக்கிடையே வாகன மின்சாதனங்கள் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்கு முகம் மலரும். டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்த ஊர் திருக்குறுங்குடி அல்லவா? "மதுரைக்காரர்கள் எவ்வளவு சொந்தம் கொண்டாடினாலும் அவர் நம்மூர்ப் பிள்ளை, அண்ணாச்சி" என்பார். 'நம்மூர்' என்பதில் என்னையும் சேர்த்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன், மனம் நிறைந்து.

ஊரோடு ஒன்றிவிட்டேன் என்று நினைத்தது கார்புரேட்டரைக் கழற்றிய ஞாயிறு வரைதான். அதைக் கழுவ அந்த இளைஞன் ஒரு தட்டில் சீமெண்ணெய் கொண்டுவந்தான். மண்ணெண்ணெய். அந்த வாடை எழுந்ததும் நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

1990இல் எங்கள் பக்கம் பெட்ரோல் வருவது நின்றது. அப்பாவின் மைனர் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; ஆகவே மருந்துக் குப்பியில் பொத்திவைத்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரில் விட்டு எஞ்சினைச் சூடாக்கிப் பிறகு மாற்றுவார். 918 சிசி பக்கவால்வு எஞ்சின், அழுத்தம் குறைவு என்பதால் இருமிக்கொண்டே இழுக்கும். எரியாத எண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலை நீர்க்கவைக்கும். ஆயிலுக்கு எங்கே போவது? கசட்டைத் துணியில் வடித்து மறுபடி ஊற்றுவார். பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவு, விளக்கை அணைத்தபடியே ஓட்டினார். திரும்பி வந்து வெகுநேரம் பானெட்டின் மேல் கை வைத்து நின்றார். நாங்கள் ஊரை விட்டு எழும்பியபோது அந்த வண்டியை மாமரத்தடியில் விட்டு வந்தோம். சாவி அப்பாவின் இடுப்பிலேயே இருந்தது.

கிணற்றடிக்கு அந்த இளைஞனும் வந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தண்ணீர் இறைத்துக் கொடுத்தான், ஒன்றும் பேசவில்லை.

வண்டி புறப்பட்டது ஆடிச் சாரல் காற்று பாளையங்கோட்டை வரை வீசிய ஒரு காலை. முதல்நாள் மாலை அவன்தான் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணாச்சி, நாளைக்கு எத்தனை மணிக்குத் திருத்த வரட்டும்?"

ஸ்டார்ட்டர் சுழலவில்லை. கையால் சுழற்றும் ஹேண்டிலை முன்னால் செருகினோம். பெட்ரோல் பம்பு டிக் டிக் என்று அடித்து ஓய்ந்தது. அவன் குனிந்து ஹேண்டிலை இறுகப் பிடித்தான், பெருவிரலை மறுபக்கம் வளைத்து. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் அந்த விரல் முறிந்துவிடும். ஓடிப்போய் விரலை எடுத்து மற்ற நான்கோடு சேர்த்து வைத்தேன்.

"பெருவிரலை மடக்காதே, தம்பி" என்று என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல்.