பின்வளவில் சீமை அத்தி: ஐந்து விண்டர் அனுபவம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில், தெற்குப் பார்த்த சுவரோரம் ஒரு சீமை அத்தி படுத்திருக்கிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு கிடக்கும் மரம். இந்த வருடம், 2025 இல், அதில் 118 பழம் பறித்தேன். விண்டரில் மைனஸ் 20 பாகைவரை இறங்குகிற இடத்தில், வெளியே மண்ணில் நிற்கும் மரத்தில். இதற்கு ஐந்து விண்டர் தேவைப்பட்டது. முதல் மூன்றிலும் ஏதோ ஒன்று பிழையாகிப் போயிற்று. அந்தப் பிழைகளையும் சேர்த்து எழுதிவைக்கிறேன், தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

2018 இல் இந்த வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வளவில் ஆள் உயரத்துக்கு மேல் ஏதோ ஒன்றைப் பழைய கம்பளம், சாக்கு, தார்ப்பாய் எல்லாம் சுற்றிக் கட்டி, உச்சியில் ஒரு வாளியையும் கவிழ்த்து வைத்திருந்தார்கள். விசாரித்தால், உள்ளே அத்தி மரம். தென் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து இளவயதில் வந்த இத்தாலியப் பெரியவர் வளர்ப்பது. ரொறன்ரோவில் கொலிஜ் வீதி, சென்ட் கிளெயர் மேற்குப் பக்கமெல்லாம் பழைய இத்தாலிய, போர்த்துக்கேய வீடுகளில் இப்படிப் போர்த்திய மரங்களைக் காணலாம். அடுத்த நவம்பரில், இலை உதிர்ந்ததும், பென்சில் பருமனில் நாலு தடி வெட்டித் தந்தார். என்ன இனம் என்று கேட்டேன், ஊரிலிருந்து வந்தது என்றார். அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். பேஸ்மென்டில் ஹீட்டர் பக்கமாக, ஈரத் தும்புத்தூளில் வைத்தேன். தண்ணீர் கூடி இரண்டு அழுகிப்போயிற்று, இரண்டு ஒரு மாதத்தில் வேர் விட்டன. தும்புத்தூளைப் பிழிந்தால் ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது, அந்த அளவு ஈரம் போதும்.

பெரியவர் மரத்தைச் சாடியில் விட்டேன். மண்ணில் வைக்க, குளிர் தாங்கும் ‘சிக்காகோ ஹார்டி’ என்ற சீமை அத்தி இனத்தை வாங்கி 2020 மே மாதம், விக்டோரியா தின லோங் வீக்கெண்ட் கழிந்ததும் நட்டேன்.

அம்மாவுக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லை. “அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு” என்று வளர்ந்தவர். அந்தப் பழமொழி நம் ஊர் அத்திக்குச் சரிதான். அதன் பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கின்றன, சின்னக் குளவி ஒன்று உள்ளே நுழைந்துதான் மகரந்தம் சேர்க்கவேண்டும், அது முட்டையும் அங்கேயே இடும். சீமை அத்தியிலும் பூ உள்ளேதான். ஆனால் சிக்காகோ ஹார்டி போன்ற இனங்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கும். அதற்கான குளவி இந்தக் குளிரில் கிடையாது, ஆகவே இங்கே வளர்க்க இந்த வகையைத்தான் தேடி வாங்கவேண்டும். ஸ்மிர்னா வகைக்குக் குளவி வேண்டும், இங்கே காய் பிஞ்சிலேயே கொட்டிவிடும். அம்மா இப்போது விரும்பிச் சாப்பிடுகிறார். “எதுக்கும் பிட்டுப் பாத்துச் சாப்பிடு பிள்ளை” என்று எனக்குச் சொல்வது மட்டும் நிற்கவில்லை.

சரி, விண்டருக்கு வருகிறேன்.

2020-21: அவசரப்பட்டேன். ஒக்டோபர் நடுவில், இலை பச்சையாக இருக்கும்போதே சாக்கும் பிளாஸ்டிக்கும் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஏப்ரலில் பிரித்தால் உள்ளே முழுக்கப் பூஞ்சணம். தடிகள் கறுத்து மெத்தென்று இருந்தன. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எங்குமே பச்சை இல்லை. ஜூன் முதல் கிழமையில் வேரடியிலிருந்து தளிர் வந்தது, கோடை முடிவதற்குள் என்னைவிட உயரமாக வளர்ந்தது. ஓகஸ்ட் நடுவில் காய் பிடித்தது. ஒக்டோபரில் உறைபனி வந்தபோது அத்தனையும் கல் மாதிரிப் பச்சைக்காய்.

லேபிளில் மைனஸ் 29 பாகை தாங்கும் என்று இருந்ததே என்று அப்போது மனம் உடைந்துபோனேன். பிறகுதான் விளங்கியது, அது மண்ணுக்குள் இருக்கும் வேரின் கணக்கு. தண்டு மைனஸ் 12 அளவில் சாகத் தொடங்கும். மரம் சாகாது, ஆனால் பழமும் கிடைக்காது. அத்தி போன வருடத் தடியில் முன்பருவக் காயும், புதுத் தளிரில் முக்கியக் காயும் பிடிக்கும். புதுத் தளிரில் பட்டாணி அளவில் காய் தெரிந்தால் அது பழுக்க எண்பது, தொண்ணூறு நாள் ஆகும். ஜூலை பத்துக்குள் காய் தெரியாவிட்டால் எங்கள் வளவில் அது பழுக்காது. வேரடியிலிருந்து வரும் தளிருக்கு அந்தத் தேதி எட்டாது, பழைய தடியில் உயிரோடு இருக்கும் மொட்டு மே தொடக்கத்திலேயே வெடிக்கும். அந்த நாலைந்து கிழமைக்காகத்தான் இந்தப் போர்த்தல் எல்லாம். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் யோசனையே மாறியது. மரம் முழுவதையும் காப்பாற்ற வேண்டியதில்லை, மொட்டுள்ள பழைய தடி கொஞ்சம் தப்பினால் போதும்.

2021-22: பெரியவர் தன் ஊர் முறையைக் காட்டித் தந்தார். மரத்தின் ஒரு பக்கத்து வேர்களை மண்வெட்டியால் அறுத்து, மறுபக்கம் நீளமாகக் குழி வெட்டி, மரத்தை மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்து, மேலே பலகை, காய்ந்த இலை, மண். இரண்டு பேர் ஒரு பகல் முழுக்க வேலை செய்தோம். மரம் நன்றாகத் தப்பியது. ஆனால் ஏப்ரல் கடைசியில் வெயிலைக் கண்டு முழுவதும் திறந்துவிட்டேன், மே மாத உறைபனி ஒன்றில் தளிரும் முன்பருவக் காயும் கருகின. செப்டம்பரில் 11 பழம். முதல் பழத்தை நாலாக வெட்டி, பெரியவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

2022-23: தண்டு பருத்துவிட்டது, சாய்த்தால் முறியும். கம்பிவலையால் கூண்டு செய்து உள்ளே காய்ந்த இலையை நிரப்பினேன். 2023 பெப்ரவரி தொடக்கத்தில் வந்த கடுங்குளிரைக்கூட மரம் தாங்கியது. எலி தின்றுவிட்டது. இலைக்குள் கூடு கட்டி, ஸ்னோ மூடியிருந்த மாதங்களில் தண்டைச் சுற்றிப் பட்டையை வளையமாகக் கொறித்திருந்தது. மேலே தடியெல்லாம் பச்சை, கீழே பட்டை இல்லை. பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மரம் அறுக்கும் வாளை எடுத்து மண்மட்டத்தில் அறுத்தேன்.

அந்த வெட்டுதான் நல்லதாகப் போயிற்று. ஜப்பானில் அத்தியைத் திராட்சைபோல் தாழக் கிடத்தி வரிசையாக வளர்க்கும் ஒரு முறை உண்டு. அதைச் செய்து பார்த்தேன். 2023 கோடையில் வந்த தளிர்களில் இரண்டை மட்டும் விட்டு, தரையிலிருந்து 20 சென்ரிமீற்றரில் கட்டிய கம்பியில், இடமும் வலமுமாக ஒன்றரை மீற்றர் நீளத்துக்குப் படியவைத்தேன். தடி முற்றுவதற்கு முன்பே, பச்சையாக இருக்கும்போது வளைத்துக் கட்டவேண்டும், முற்றினால் உடையும். ஒவ்வொரு கையிலும் 20 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஏழு தளிர் மேல்நோக்கி வளரும். இலையுதிர் காலத்தில் அவற்றை இரண்டு கணு விட்டு வெட்டிவிடலாம். விண்டருக்குப் போர்த்தவேண்டியது முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தப் படுத்த பாகத்தை மட்டும்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், கோடை முழுக்க வாங்கிய சூட்டை மண் விண்டரில் மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. உயர்ந்து நிற்கும் மரத்துக்கு அதில் பங்கே கிடைக்காது, தரையோடு கிடக்கும் மரத்தை மூடிவைத்தால் அந்தச் சூடு உள்ளேயே நிற்கும். மேலே ஸ்னோ விழுந்தால் இன்னும் நல்லது. உள்ளே ஒரு தெர்மோமீற்றர் வைத்திருக்கிறேன். 2025 பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்து இரண்டு பெரும் ஸ்னோப் புயல் வந்து வளவே புதைந்துபோன நேரம், ஒரு விடியற்காலை வெளியே மைனஸ் 17, உள்ளே மைனஸ் 2. டிரைவ்வேயில் அள்ளியதையும் கொண்டுபோய் அதன்மேல்தான் கொட்டினேன்.

போர்த்தும் முறை இப்போது இப்படி. இலை முழுதும் உதிர்ந்து, இரண்டு மூன்று சின்ன உறைபனி பட்ட பிறகு, நவம்பர் கடைசிவாக்கில்தான் தொடுவேன். மரத்துக்கு உறக்கம் வரவேண்டும். தண்டடியைச் சுற்றிக் கண்ணி சிறிய கம்பிவலை, கீழ்ப்பகுதியை மண்ணுக்குள் இறக்கி. உள்ளே இலை போடுவதை நிறுத்திவிட்டேன், எலிக்கு அது மெத்தை. கைகளுக்கு மேல் பலகைச் சட்டம், அதன்மேல் 5 சென்ரிமீற்றர் இன்சுலேஷன் போர்ட், தார்ப்பாய், அதற்கும் மேலே மேப்பிள் இலை நிரப்பிய கடதாசிப் பைகள். இரண்டு முனையிலும் ஒரு விரல் காற்றுவழி. ஏப்ரலில் பகலில் திறந்து இரவில் மூடுவேன். முழுவதும் எடுப்பது மே நடுவில்தான்.

கோடையில் முக்கியமான வேலை கிள்ளுவது. தளிரில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் காய் சீக்கிரம் பிடிக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: அத்திப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் புண்ணாகும். 2024 ஜூனில் வெறுங்கையோடு கிள்ளி, மணிக்கட்டில் கொப்புளம் வந்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் இருந்தது. கையுறையும் நீளக்கைச் சட்டையும் இல்லாமல் இப்போது கிட்டப் போவதில்லை. ஜூலைக்குப் பிறகு உரம் கிடையாது. போட்டால் தடி முற்றாமல் பச்சையாகவே விண்டருக்குள் போய்ச் செத்துவிடும்.

செப்டம்பரில் பின்தங்கும் காய்களின் கண்ணில், அதாவது அடியில் இருக்கும் சின்னத் துளையில், ஒரு துளி ஒலிவ் எண்ணெய் தடவினேன். பழைய மத்தியதரைக் கடல் நாட்டுப் பழக்கம். தடவியவை ஒரு கிழமையில் பழுத்தன, தடவாத அதே அளவுக் காய்கள் அப்படியே நின்றன. காய் வளர்ந்து முடிவதற்கு முன் தடவினால் சப்பென்று இருக்கிறது. பழுத்துவிட்டதா என்பதற்குக் கழுத்தைத்தான் பார்ப்பேன். காம்பு தளர்ந்து பழம் தலை குனிந்து தொங்கவேண்டும். அதற்கு முன் பறித்துவைத்தால் அது மென்மையாகுமே தவிர இனிக்காது.

2024 இல் 64 பழம், இந்த வருடம் 118. பெரியவர் மரத்தின் பழம் இதைவிடப் பெரிது, ருசியும் கூட. ஆனால் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்குகிறது, பாதி பச்சையாகவே நின்றுவிடுகிறது. அதனால் சாடியை மார்ச்சில் கராஜிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைத்து முன்கூட்டியே எழுப்புகிறேன். மண்ணில் வைக்க எனக்கு மனமில்லை. அடுத்த வருடம் சுவரின் மறுபாதிக்கு, சீக்கிரம் பழுக்கும் பல்கேரிய இனமான ‘ஃப்ளோரியா’ வைக்க இடம் தயார்.

நவம்பர் 22: இலை உதிர்ந்து பத்து நாள். 14 தடியையும் இரண்டு கணு விட்டு வெட்டினேன், கம்பிவலையைச் சரிபார்த்தேன், தெர்மோமீற்றருக்குப் புது பற்றரி. வெட்டிய தடியில் பென்சில் பருமனில் ஒன்பது தேறியது. ஈரக் கடதாசியில் சுற்றிப் பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். போர்த்துவது அடுத்த சனிக்கிழமை.